இடைச்சுவரும் இரட்டைக் கம்பியும்

பேசாமல் இருப்பதற்கும் ஒரு வசதி வேண்டும். அடுத்த தெருக்காரனோடு சண்டை போட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடலாம். ஒரே வீட்டை நடுவில் பலகை அடித்து இரண்டாக்கிக் குடியிருக்கும் சகலையோடு சண்டை போட்டுவிட்டு முகத்தை எங்கே திருப்புவது? எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தப் பலகைதான். பலகைக்கு அந்தப் பக்கம் அவர்தான்.

தொட்டில்காரனுக்கு வாய்த்தது அப்படிப்பட்ட சண்டை. அவன் மனைவியின் அக்காள் புருஷன்தான் மேஸ்திரி. மேஸ்திரி தும்மினால் இந்தப் பக்கம் அலமாரியில் தம்ளர் அதிரும். இந்தப் பக்கம் இவன் பெண்டாட்டியிடம் கிசுகிசுத்தால் அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும். அடுப்படி மட்டும் இரண்டு குடும்பத்துக்கும் பொது. அக்காளும் தங்கையும் அங்கே நின்று சிரித்துப் பேசிக்கொண்டே இரண்டு புருஷன்மார்களுக்கும் ஒரே மாதிரி டிபன் கேரியரில் சாப்பாடு கட்டுவார்கள். ஆண்கள் சண்டையை அவர்கள் காதில் போட்டுக்கொள்வதே இல்லை.

வேலையாவது வேறு வேறா என்றால், அதுவும் இல்லை. இரண்டு பேரும் உயர் அழுத்த மின்கம்பி இழுக்கும் ஒரே கூட்டத்தில். மேஸ்திரி கூட்டத்துக்குத் தலைவர். இவன் தொட்டிலில் போகிறவன்.

தொட்டில் என்றால் குழந்தைத் தொட்டில் இல்லை. டவருக்கும் டவருக்கும் நடுவே கம்பிகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து போகும். காற்றில் ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளாமல் இருக்க, இடையிடையே ஸ்பேசர் என்ற இரும்புக் கட்டையை வைத்து முடுக்க வேண்டும். அதற்காக அந்த இரட்டைக் கம்பி மேலேயே சக்கரம் வைத்து ஓடுகிற ஒரு சின்னக் கூண்டு உண்டு. ஓர் ஆள் கால் மடக்கி உட்காரலாம். கம்பி நடுவில் தொய்ந்திருப்பதால் டவரிலிருந்து போகும்போது தானாக உருளும், பிரேக்கைப் பிடித்துக்கொண்டால் போதும். திரும்பி வரும்போது மேட்டில் ஏறுகிற மாதிரி, கையால் கம்பியைப் பற்றி இழுத்து இழுத்து வர வேண்டும். அதில் உட்கார எல்லோருக்கும் தைரியம் வராது. இவனுக்கு வந்தது. மேலே இருக்கும்போது மட்டும்தான் பலகைச் சுவரும் சகலையும் இல்லாத ஓர் இடத்தில் இருப்பதாக இவனுக்குத் தோன்றும் என்பது அதற்கு ஒரு காரணம்.

சண்டைக்குக் காரணம் ஒரே ஒரு வாக்கியம். "நான்தான் இவனைக் கொண்டாந்து விட்டேன்."

வேலையில் சேர்த்துவிட்டது மேஸ்திரி. வீடு பிடித்துக் கொடுத்தது மேஸ்திரி. பெண் பார்க்க வந்த அன்று மாமனாரிடம் இவனைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாகச் சொன்னதும் மேஸ்திரிதான். எல்லாம் உண்மை. அந்த உண்மையை அவர் யார் வந்தாலும் சொன்னார். கேஸ் சிலிண்டர் போட வந்தவனிடம்கூடச் சொன்னார். மாமனார் வீட்டில் எல்லோரும் கூடியிருந்த ஒருநாள், சம்பந்தமே இல்லாத யாரோ ஒரு பெரியவரிடம் இவன் தோளைத் தட்டி, "நான்தான் இவனைக் கொண்டாந்து விட்டேன்" என்று ஆரம்பித்தபோது இவனுக்குப் பொறுக்கவில்லை. தட்டை நகர்த்திவிட்டு எழுந்தான்.

"கொண்டாந்து விட்டது நீங்கதாண்ணே. இல்லைன்னு சொல்லலை. அப்படியே கையைப் பிடிச்சு வெளியில கொண்டுபோயும் விட்டுடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அன்றோடு பேச்சு நின்றது. வீடு மாற்றலாம் என்று மனைவியிடம் சொல்லிப் பார்த்தான். "அக்காவை விட்டுட்டு நான் எங்கயும் வர மாட்டேன். உங்களுக்கு ரோஷம் வந்தா நீங்க போய் டவர் மேல குடியிருங்க" என்றாள் அவள். பலகைக்கு அந்தப் பக்கம் யாரோ சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது.

வேலையிடத்தில் இருவருக்கும் நடுவே தூது போகிறவன் பல்லி. டவரில் ஒட்டிக்கொண்டு ஏறுவதால் அந்தப் பெயர். மேஸ்திரியும் தொட்டில்காரனும் எதிரெதிரே நிற்பார்கள். "பெரிய ஸ்பேனர் வேணுமான்னு கேளு" என்பார் மேஸ்திரி. "வேணாம்னு சொல்லு" என்பான் இவன். நடுவில் நிற்கும் பல்லி வாயைத் திறக்கவே தேவையில்லை, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினால் போதும். கழுத்து வலிக்கிறது என்று பல்லி அலுத்துக்கொள்வான்.

அன்று சனிக்கிழமை, அரை நாள் வேலை. காற்று பலமாகிக்கொண்டிருந்ததால் சாப்பாட்டுக்கு முன்பே மேலே இருந்தவர்களை இறக்கிவிட்டார்கள்.

இறங்கியதும் அவரவர் பெயர் பொறித்த தகர வில்லையை எடுத்துக்கொள்ள வேண்டும். இதுதான் அந்தக் கூட்டத்தின் வழக்கம். டவர் காலில் ஒரு பலகை கட்டியிருக்கும், அதில் வரிசையாக ஆணிகள். மேலே ஏறுகிறவன் தன் வில்லையை ஆணியில் மாட்டிவிட்டு, மேஸ்திரியிடம் கீழே பேச உதவும் ரேடியோவை வாங்கிக்கொண்டு ஏறுவான். இறங்கியதும் ரேடியோவைக் கொடுத்துவிட்டு வில்லையை எடுத்துக்கொள்வான். ஒருத்தன் வில்லையை இன்னொருத்தன் தொடக் கூடாது. பலகை காலியானால் கம்பியில் யாரும் இல்லை என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் எர்த்தைக் கழற்றலாம்.

எர்த்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கதை புரியாது. அந்த டவரில் இடது பக்கம் பழைய கம்பிகள், அவற்றில் கரண்ட் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. வலது பக்கம் மேல், நடு, கீழ் என்று மூன்று வரிசையாக இவர்கள் இழுத்த புதுக் கம்பிகள், எதோடும் இன்னும் இணைக்காதவை. ஆனாலும் பக்கத்து வீட்டுச் சண்டை நம் வீட்டுக்குள் கேட்கிற மாதிரி, பக்கத்துக் கம்பியின் கரண்ட் சும்மா தொங்குகிற கம்பியிலும் ஏறிக்கொள்ளும். ஓர் ஆளைக் கொல்லும் அளவுக்கு ஏறும். அது மண்ணுக்குள் இறங்கிப் போவதற்காக, வேலை நடக்கும்போது இரு முனை டவர்களிலும் செப்பு ஒயரால் கம்பியை டவரோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். ஒயரின் ஒரு நுனிக் கவ்வி டவர் இரும்பில், மறு நுனிக் கவ்வி கம்பியில். வேலை முடிந்ததும் செப்பை விட்டுவிட்டுப் போக முடியாது, திங்கட்கிழமை வந்து பார்த்தால் இருக்காது. அதனால் தினமும் மாட்டுவார்கள், தினமும் கழற்றுவார்கள்.

தொட்டில்காரன் வில்லையை எடுத்துக்கொண்டு நாலடி நடந்திருப்பான். பின்னால் மேஸ்திரியின் குரல் கேட்டது. கழுத்தை அண்ணாந்து கம்பியைப் பார்த்தபடி, பக்கத்தில் கை கழுவிக்கொண்டிருந்தவர்களிடம் சொன்னார்.

"நடுக்கம்பியில நட்டநடுவுல ஒரு ஸ்பேசர் கோணலா நிக்குது பாருங்க. போட்டது யாருன்னு நான் சொல்லணுமா?"

யாரோ சிரித்தார்கள். இவனுக்குக் காது சிவந்துவிட்டது. நான் போட்ட ஸ்பேசர் கோணலா? ஏறிப் பார்த்துவிடலாம் என்று திரும்பினான். ஏற வேண்டுமானால் வில்லையை மாட்ட வேண்டும், ரேடியோ வாங்க வேண்டும். பலகைக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டியில் மேஸ்திரி உட்கார்ந்திருக்கிறார். தூது போகப் பல்லி அங்கே இல்லை. கேரியரைப் பலகைக்கடியில் அப்படியே வைத்துவிட்டு, டவரின் பின்கால் வழியாக யாரும் பார்க்காமல் ஏறினான். இதோ போய்விட்டு இதோ வந்துவிடலாம் என்பதுதான் கணக்கு. உலகத்தில் பாதி மடத்தனம் இந்தக் கணக்கில்தான் நடக்கிறது.

மேலே டவரிலிருந்து பக்கவாட்டில் நீளும் இரும்புக் குறுக்குக் கையிலிருந்து கம்பிக்கு அருகே வரைக்கும் ஓர் அலுமினிய ஏணி தொங்கும். அதில் இறங்கி, கம்பியில் நிறுத்தியிருந்த தொட்டிலில் ஏறி, தொட்டிலின் சங்கிலியைக் கம்பியில் கோர்த்தான். பிரேக்கைத் தளர்த்தியதும் கூண்டு உருண்டது. கீழே டவரடியில் ஆட்கள் சிறிதாகிக்கொண்டே போனார்கள். பிறகு பள்ளத்தாக்கு, அதன் அடியில் பாறையும் தண்ணீரும். நடுவில் போய் நிறுத்திப் பார்த்தான்.

ஸ்பேசர் கோணலாகத்தான் இருந்தது. ஒரு விரல் அளவுக்கு.

அதுதான் அவனை இன்னும் எரிச்சலாக்கியது. அந்த மனிதருக்கு வயசாகிவிட்டது, பேப்பர் படிக்கக் கண்ணாடி தேடுகிறார், ஆனால் இவன் தப்பு மட்டும் அவ்வளவு தூரத்திலிருந்தும் தெரிகிறது. திட்டிக்கொண்டே நட்டைத் தளர்த்தி, நேராக்கி, முடுக்கினான். திரும்பிப் போகக் கம்பியைப் பிடித்து இழுத்தான். தொட்டில் இரண்டு முழம் நகர்ந்து நின்றுவிட்டது.

இந்தக் கம்பி ஒரே கம்பி அல்ல. நடுவில் எஃகு இழைகள், சுற்றிலும் முறுக்கிய அலுமினிய இழைகள். அதில் ஓர் அலுமினிய இழை எங்கோ அறுந்து, சுருண்டு எழும்பி, தொட்டில் சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவே நுழைந்து இறுகியிருந்தது. இழுத்தான். எட்டி உதைத்தான். முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. கூண்டுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, குறட்டால் அந்த இழையைக் கடித்துக் கடித்து அறுக்க ஆரம்பித்தான். காற்று தொட்டிலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டியது.

அப்போதுதான் எதிர்க் கோடி டவரில் ஆள் ஏறுவதைப் பார்த்தான். அந்தப் பக்கத்து ஆட்கள் எர்த்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. இறங்கிப் போயே விட்டார்கள். இந்தப் பக்கம் பார்த்தான். பல்லி ஏறிக்கொண்டிருந்தான், கையில் கழற்றுகிற நீளக் கோலோடு.

பலகை காலி. வில்லை இவன் சட்டைப் பையில்.

"டேய் பல்லி!" என்று கத்தினான். பக்கத்துக் கம்பிகளின் ரீங்காரமும் காற்றும் குரலை அப்படியே வாரிக்கொண்டு போயின. சட்டையைக் கழற்றி வீசினான். தொட்டில் நாள் முழுக்கக் கம்பியிலேயே கிடக்கும் சாமான், அதில் ஒரு துணி ஆடுவதை யார் கவனிக்கப் போகிறார்கள்? கூட்டத்தில் இருந்த ஒவ்வொருவனையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். டிரைவரைக் கூப்பிட்டான். கடைசியில், இத்தனை மாதமாக வாயில் வராத சொல் தானாக வந்தது.

"அண்ணே! அண்ணே!"

அதுவும் கேட்கவில்லை. பல்லி மேல் கம்பியின் எர்த்தைக் கழற்றினான், கீழ்க் கம்பியினுடையதைக் கழற்றினான். நடுக்கம்பிக்கு வந்து கோலை நீட்டினான். கம்பியில் இருந்த கவ்வி விடுபட்ட அதே நொடியில் தொட்டில்காரனின் முழங்கை மயிரெல்லாம் எழுந்து நின்றது. உச்சந்தலையில் எறும்பு ஊர்ந்தது. கம்பி மெல்லப் படபடவென்று பேச ஆரம்பித்தது.

அவன் கையை எடுக்கவில்லை. எடுக்கத் தேவையில்லை என்று அவனுக்குத் தெரியும். கம்பியில் உட்கார்ந்த காக்கைக்கு ஒன்றும் ஆவதில்லை, அது கம்பியை மட்டும் தொட்டுக்கொண்டிருக்கிறது. இவனும் இப்போது காக்கைதான். கம்பியோடு இருக்கும்வரை ஆபத்தில்லை. ஆனால் காக்கை பறந்து போகும். இவன் இறங்க வேண்டுமென்றால் ஏணியைப் பிடிக்க வேண்டும், ஏணி டவரில் தொங்குகிறது, டவர் மண்ணில் நிற்கிறது. ஒரு விரல் பட்டால் போதும், அந்தக் கம்பியில் இருப்பதெல்லாம் இவன் உடம்பு வழியாகத்தான் மண்ணுக்குப் போகும்.

ஆக, இங்கேயே இருந்தால் சாக மாட்டான், இறங்கினால் செத்துவிடுவான். இனி திங்கட்கிழமைதான் ஆள் வரும். இவனை யாரும் தேடவும் மாட்டார்கள். சண்டைக்குப் பிறகு மேஸ்திரியோடு ஒரே வேனில் உட்காரப் பிடிக்காமல், குறுக்குப் பாதையில் நடந்துபோய்ப் பஸ் பிடிப்பதை இவன் வழக்கமாக்கியிருந்தான். வேனில் இவன் இல்லாவிட்டால் அது வழக்கம். வீட்டுக்கு வராவிட்டால் மனைவி முதலில் கோபப்படுவாள், பிறகு பலகையைத் தட்டி அக்காளிடம் கேட்பாள். அவர்கள் கேட்டு, விசாரித்து, தேடி... அதற்குள் இருட்டிவிடும், காற்று இன்னும் ஏறும். வெளியே போகக் கதவு எங்கே என்று இத்தனை மாதமாகத் தேடியவனுக்கு, நாலு பக்கமும் திறந்த வெளியில், காலடியில் வெறும் ஆகாயத்தில், இப்படி ஒரு சிறை. அவனுக்கு அழுகை வந்தது. அழுதான். யார் பார்க்கப் போகிறார்கள்?

அழுதுகொண்டே குறட்டின் பிடியை அழுத்தினான். இழை அறுந்தது. சக்கரம் விடுபட்டது.

உள்ளங்கை எரிய எரியக் கம்பியை இழுத்து மேலேறினான். டவர் நெருங்க நெருங்கக் கீழே நடப்பது தெரிந்தது. ஆட்கள் வேனில் ஏறிக்கொண்டிருந்தார்கள். பல்லி எப்போதோ இறங்கி வேனுக்கு ஓடிவிட்டான், அரை நாள் லீவு நாளில் அவனைப் பிடிக்க முடியாது. நடுக்கம்பியின் செப்பு ஒயரை அவன் எடுத்துப் போகவில்லை என்பதைத் தொட்டில்காரன் பார்த்தான். டவர்ப் பக்கத்துக் கவ்வியின் திருகு துருப்பிடித்து இறுகியிருக்க வேண்டும். யார் பார்க்கப் போகிறார்கள் என்று கம்பிப் பக்கத்தை மட்டும் கழற்றிவிட்டு, ஒயரை அப்படியே தொங்கவிட்டுப் போயிருந்தான். கீழேயிருந்து பார்த்தால் எர்த் மாட்டியிருப்பது போலவே இருக்கும்.

ஏணிக்கு ஓர் ஆள் நீளம் இருக்கும்போதே பிரேக்கைப் போட்டு நிறுத்தினான். மீண்டும் கத்தினான். வேன் எஞ்சின் சத்தத்தில் அது யாருக்கும் எட்டவில்லை.

மேஸ்திரி கடைசி ஆளாகப் பலகையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அதன் அடியில் கிடந்த கேரியரைப் பார்த்தார். காலால் லேசாகத் தள்ளினார். பிறகு குனிந்து எடுத்தார். கையில் எடை பார்ப்பது போலத் தூக்கி இறக்கினார். மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். சட்டென்று நிமிர்ந்து, நேராக நடுக்கம்பியைப் பார்த்தார்.

அடுத்த கணம் கேரியர் தரையில் கிடந்தது, மேஸ்திரி டவரில் ஏறிக்கொண்டிருந்தார்.

அந்த மனிதர் டவர் ஏறிப் பல வருஷம் ஆகிறது. தொப்பை ஒரு பக்கம், மூச்சு ஒரு பக்கம். வேனிலிருந்தவர்கள் கூப்பிடுவதைக் காதில் வாங்காமல், பெல்ட்டை அங்கங்கே மாட்டக்கூட மறந்து, ஏறினார். பின்னாலேயே வேனிலிருந்து பல்லி இறங்கி ஓடிவருவது தெரிந்தது. மேஸ்திரி குறுக்குக் கைக்கு வந்து சேர்ந்தார். டவர் இரும்பில் இறுகியிருந்த கவ்வியைத் தொட்டுப் பார்த்து, பெருமூச்சு விட்டார். ஒயர் கம்பி வரைக்கும் போகிறதா என்று குனிந்து பார்க்கவில்லை. ஏணியில் கால் வைத்து இறங்க ஆரம்பித்தார்.

"எர்த் இருக்குடா, பயப்படாதே! நல்ல வேளை, இதை மட்டும் அவன் கழட்டலை. வந்துட்டேன். கையைக் கொடு!"

ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு மறு கையை நீட்டினார். கட்டை விரலில் பழைய வெட்டுத் தழும்பு இருக்கும் அந்தக் கை. மாமனார் வீட்டில் தோளைத் தட்டிய அதே கை. தொட்டில்காரன் உடம்பு மொத்தமும் அந்தக் கையை நோக்கிப் பாய்ந்தது. தான் நீட்டிய கையைத் தானே பிடித்து நெஞ்சோடு இறுக்கிக்கொண்டான்.

"தொடாதீங்க!"

மேஸ்திரியின் முகம் விழுந்துவிட்டது.

"என்னடா?"

"தொடாதீங்கன்னா தொடாதீங்க! மேல போங்க!"

"சாகக் கிடக்கிற நேரத்துலயும் உனக்கு இந்தத் திமிர் போகலையா? என் கையைப் பிடிச்சு இறங்குனா உன் மானம் போயிடுமா?" அவர் குரல் உடைந்தது. "சரி, நான் பேசினது தப்புதான்டா. ஊரெல்லாம் சொன்னது தப்புதான். இறங்கி வந்து என்னை நாலு அறை அறைஞ்சுக்கோ. இப்ப கையைக் கொடு!"

இன்னும் ஒரு படி இறங்கினார். உடம்பை வளைத்து, விரல்களை விரித்து, எட்டினார். எர்த் இல்லை என்று சொல்ல வேண்டும், சொல் வாயிலேயே நிற்கிறது. அவர் விரலுக்கும் இவன் தோளுக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது. எட்டினால் இரண்டு பேரும் போய்விடுவார்கள், இரண்டு பெண்களும் அந்தப் பொது அடுப்படியில் ஒரே நாளில் தாலி இழந்து நிற்பார்கள்.

அவன் பிரேக்கை விட்டான்.

தொட்டில் சரிந்து பின்னால் ஓடியது. உயிரைக் கொடுத்து ஏறி வந்த தூரமெல்லாம் கண்ணெதிரே மறுபடியும் விரிந்துகொண்டே போனது. நீட்டிய கை வெறும் காற்றில் நின்றது. கூப்பிடு தூரத்தில் பிரேக்கைப் பிடித்து நிறுத்தியபோதுதான் இவனுக்குக் குரல் வந்தது.

"அண்ணே! எர்த் கழண்டிருக்குண்ணே! உங்க முழங்காலுக்குக் கீழ பாருங்க!"

மேஸ்திரி குனிந்து பார்த்தார். கம்பியில் இருக்க வேண்டிய கவ்வி அவர் முழங்காலுக்கு அருகே, வாயைத் திறந்தபடி, காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அவர் ஏணியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். பிறகு, ஒரு படிக்கு ஒரு படி நின்று நின்று, குறுக்குக் கைக்குத் திரும்பினார்.

பல்லி கோலோடு வந்து சேர்ந்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. மேஸ்திரி அவனைத் திட்டவில்லை, கோலை வாங்கித் தானே நீட்டினார். கவ்வி கம்பியைத் தொடும் முன்பே நீலப் பொறி பறந்தது. சவுக்கு சொடுக்கிய சத்தம் கேட்டது. கம்பி பேச்சை நிறுத்தியது. தொட்டில்காரனின் முழங்கை மயிர் படிந்தது. மேஸ்திரி திருகை இறுக்கி, இழுத்துப் பார்த்து, மீண்டும் இறுக்கி, மீண்டும் இழுத்துப் பார்த்தார்.

இவன் இரண்டாம் முறையாக அந்த மேட்டில் ஏறினான். இந்த முறை மேஸ்திரி கையை நீட்டவில்லை. ஏணியில் உட்கார்ந்து இவன் முகத்தையே பார்த்தார். இவன்தான் கையை நீட்டினான்.

கீழே இறங்கியதும் மேஸ்திரியைப் பிடித்து மரப்பெட்டியில் உட்காரவைத்தார்கள். தண்ணீர் கொடுத்தார்கள், பாதி சட்டையில் கொட்டிக்கொண்டார். தரையில் கிடந்த கேரியரைக் காட்டினார்.

"சாப்பாட்டைத் தொடவே இல்லை," என்று பல்லியிடம் சொன்னார். பழக்கதோஷம். "என்மேல எவ்வளவு கோபம் இருந்தாலும் அவன் சோத்தை விட்டுட்டுப் போக மாட்டான்னு எனக்குத் தெரியும்னு சொல்லு."

பல்லி தலையைத் திருப்பவில்லை. தேம்பி அழுதுகொண்டிருந்தான்.

வேனில் சகலைகள் இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்து, ஆளுக்கொரு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். தொட்டில்காரனுக்கு ஒன்று மட்டும் உறுதியாகத் தெரிந்தது. இன்றைக்கு வீட்டில் ஆரம்பித்துவிடுவார். "நான்தான் டவர் ஏறி இவனை இறக்கிக் கொண்டாந்தேன்" என்று இனி கேஸ்காரனிலிருந்து மாமனார்வரை ஒருவர் பாக்கியில்லாமல் கேட்பார்கள். அது உண்மையும்கூட. நீட்டிய கையைத் தொடாமல் பின்னால் உருண்டவன் கதையை யார் சொல்வார்கள்? கம்பியிலிருந்து இறங்கியாயிற்று. இவரிடமிருந்து இனி ஆயுசுக்கும் இறங்க முடியாது.

வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி கேரியரை வாங்கித் திறந்து பார்த்தாள். "ஏன் சாப்பிடலை? உடம்புக்கு என்ன?" என்று நெற்றியைத் தொட்டாள். அவன் பலகைச் சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தான். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. காத்திருந்தான்.

அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. அக்காள் ஏதோ கேட்டாள். மீண்டும் கேட்டாள். அப்புறம் அந்த வாக்கியம் வந்தது, அதே வார்த்தைகள், எத்தனையோ முறை கேட்டுக் காது புளித்த வார்த்தைகள்.

"நான்தான்டி அவனைக் கொண்டாந்து விட்டேன்."

தொட்டில்காரன் பல்லைக் கடித்தான்.

"நான்தான்டி... அந்தக் கம்பியில... நான்தான் அவனைக் கொண்டாந்து விட்டேன்..."

அதற்கு மேல் ஒரு பெரிய மனிதர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழும் சத்தம்தான். அழுகை குலுங்கக் குலுங்க இந்தப் பக்கம் அலமாரியில் தம்ளர்கள் அதிர்ந்தன. மனைவி பயந்துபோய் இவனைப் பார்த்தாள்.

இவன் தலையைப் பலகையோடு சேர்த்து வைத்தான். கத்தத் தேவையில்லை. கிசுகிசுத்தாலே அந்தப் பக்கம் கேட்கும்.

"அண்ணே," என்றான். "அந்த ஸ்பேசர் கோணலாத்தான் இருந்துச்சு."